பன்னிரண்டு போர் துப்பாக்கியின் உதைப்பைப் பற்றி அண்ணாகிராமம் வட்டாரத்து உரிமதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்



தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவே, கரும்பும் நெல்லும் பலாவும் முந்திரியும் விளைகிற நம் ஊர்களில், பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை எண்ணெய்த் துணியில் சுற்றி மரப் பீரோவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் சில இருக்கின்றன. தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவதும், உரிமம் முடியும் தறுவாயில் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதும் தவிர அந்தத் துப்பாக்கிக்கு வேறு அலுவல் இல்லாமற் போய்ப் பல வருஷங்கள் ஆயின என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் அன்று. ஆனால் சமீப காலத்தில் அந்தப் பீரோவை நம் பிள்ளைகள் திறக்கச் சொல்லுகிறார்கள். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் ‘டிராப்’ என்னும் பறக்கும் தட்டுச் சுடுதலில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகிய இருவரோடு சேர்ந்து இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் என்பதையும், அடுத்த ஆண்டே அவர் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்றார் என்பதையும் பத்திரிகையில் படித்த பிள்ளைகளுக்கு, நம் வீட்டுப் பீரோவில் இருப்பதும் அதே பன்னிரண்டு போர்தானே என்ற எண்ணம் உண்டாவது இயல்பே.

அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல். வீட்டுப் பெரியவர் துப்பாக்கியை எடுக்கிறார். பன்றிக்காகவோ திருட்டுப் பயத்துக்காகவோ என்றோ வாங்கி வைத்த, பெரிய ஈயக் குண்டுகள் அடங்கிய எஸ்.ஜி. அல்லது எல்.ஜி. தோட்டா ஒன்றைக் குழலில் போடுகிறார். நிற்கும் முறையையோ கட்டையைத் தோளில் பொருத்தும் முறையையோ விளக்காமல், பதினாறு பிராயம்கூட நிரம்பாத பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிடுகிறார். வெடி கேட்கிறது, பிள்ளை இரண்டடி பின்னால் தள்ளாடுகிறான், தோள் கன்றிப்போகிறது, சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ‘ஆம்பளைப் பிள்ளைன்னா இதைத் தாங்கணும்டா’ என்று ஒருவர் தைரியம் சொல்லுகிறார். அந்த ஒரு வெடியோடு அநேகமாக அவனுடைய சுடும் வித்தை முடிந்துபோகிறது. அதன்பிறகு அவன் எத்தனை வருஷம் துப்பாக்கியைத் தூக்கினாலும், விசையை இழுப்பதற்கு முன்னாலேயே அவன் கண் இமை மூடும், தோள் முன்னே துள்ளும், குழல் கீழே தாழும். உதைப்பைத் தாங்குவது வீரத்தைச் சேர்ந்த குணம் என்ற இந்த அபிப்பிராயம் முற்றிலும் பிழையானது. அது கணக்கைச் சேர்ந்தது. கணக்கு என்பதால் குறைக்கக்கூடியது. இதை உங்களிடம் எடுத்துச் சொல்லி, இந்த வழக்கத்தை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் துப்பாக்கிகள் நம் பக்கத்துக்கு எதற்காக வந்தன என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. வெள்ளைக்கார அதிகாரிகளும், அவர்களைப் பார்த்து நம் மிராசுதார்களும் ஜமீன்தார்களும் வாங்கிய பன்னிரண்டு போர் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பக்ஷி வேட்டைக்கு உரியவை. ஐப்பசி மழை இறங்கி வயலில் நீர் கட்டியதும் வடக்கேயிருந்து வந்து இறங்கும் உள்ளான், புதர்க்காட்டுக் கவுதாரி, காடை, ஏரிகளில் மிதக்கும் சிறகியும் கிளுவையும் ஆகியவையே அவற்றின் இலக்கு. அந்த வேட்டை எவ்வளவு பெரிய ஈடுபாடாக இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: 1885இல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் துரை, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு மார்ஷல் என்பவரோடு சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய தேசங்களின் வேட்டைப் பறவைகளைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். உள்ளான் என்பது நூறு கிராமுக்குச் சற்றே மேற்பட்ட எடையுள்ள சிறு பறவை. காலடியில் புறப்பட்டு இடமும் வலமுமாக முறித்து முறித்துப் பறப்பது. அதன் பின்னால் ஒரு நாள் முழுவதும் சேற்றில் நடப்பவன் எத்தனையோ தோட்டாக்களைச் செலவிட நேரும். ஆகையால் அந்த வேட்டையில் தேர்ந்தவர்கள் எட்டாம் எண், ஒன்பதாம் எண் பொடி ரவையை, ஓர் அவுன்சு, அதாவது 28 கிராமோ அதற்கும் குறைவாகவோ போட்ட இலேசான தோட்டாவையே விரும்பினார்கள். கனத்த தோட்டாவே கெட்டிக்காரத்தனத்தின் அடையாளம் என்று இன்று பேசுகிறவர்கள், எந்தப் பாட்டனார்களின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்களோ, அந்தப் பாட்டனார்களின் பழக்கத்துக்கே விரோதமாகப் பேசுகிறார்கள்.

அந்த வேட்டைக்காலம் முடிந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் அனுமதிச் சீட்டோடு சிறு வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. இன்று உள்ளானையும் கவுதாரியையும் காடையையும் கிளுவையையும் சுடுவது குற்றம். அப்படி இருப்பதே நியாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வேடந்தாங்கல் குடிகள், சிப்பாய்கள் வந்து தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதைப் பொறுக்கமாட்டாமல், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு உரிமைப் பத்திரம் பெற்றார்கள் என்ற வரலாறு தொண்டை நாட்டுக்கே பெருமை தருவது. வீராணத்திலும் பெருமாள் ஏரியிலும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டிலும் பனிக்காலத்தில் வந்து தங்கும் பறவைகளுக்கும் அதே மரியாதை உரியது. ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுட்டுத் தவறிய ரவை நீர்நிலையின் அடியில் கிடக்க, வாத்தினங்கள் அதைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன என்பதனால்தான், அமெரிக்கா 1991இலேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்தது.

எனினும், பறந்து செல்லும் ஒரு பொருளைக் கண்ணால் பின்தொடர்ந்து, அது சென்றடையப் போகும் இடத்தில் குழலைக் கொண்டு நிறுத்தும் வித்தை அழிய வேண்டியதில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். அந்தக் கொடுமை பிறகு எந்த ஒலிம்பிக்கிலும் நடக்கவில்லை. அதற்கு இருபது வருஷம் முன்பே, 1880இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டைச் செய்து பறக்கவிட்டிருந்தார். இப்போது அந்தத் தட்டு கீலும் சுண்ணாம்புக் கல் தூளும் கலந்து வார்க்கப்படுகிறது. விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம். நம் பிள்ளைகள் கற்க வேண்டியது இதைத்தான். இதிலே உதைப்பு என்பது வேட்டையைக் காட்டிலும் பெரிய பிரச்சினை. ஏனென்றால் ஒரு போட்டியின் தகுதிச் சுற்றிலேயே 125 தட்டுகள் பறக்கும், பயிற்சி நாட்களிலும் கணக்கு அதற்குக் குறையாது.

இனி உதைப்பின் கணக்கைச் சொல்லுகிறேன். பொறுமையோடு கேட்க வேண்டும். ரவையும், அதன் பின்னால் இருக்கும் அடைப்பும், எரிந்த மருந்தின் வாயுவும் குழலின் வாய் வழியே முன்னோக்கிப் பாயும்போது எவ்வளவு உந்தத்தை எடுத்துக்கொண்டு போகின்றனவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கி வந்து சேருகிறது. இது நியூட்டனின் விதி. இதை எந்த யுக்தியாலும் இல்லையென்று ஆக்கிவிட முடியாது. ஆனால் அதே உந்தம் எடை குறைந்த துப்பாக்கியை அதிவேகமாகவும் எடை மிகுந்த துப்பாக்கியை மெதுவாகவும் பின்னே தள்ளுகிறது. தோளுக்கு வந்து சேரும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உள்ளான் வேட்டைக்கென்று செய்த 2.8 கிலோ எடையுள்ள பழைய இரட்டைக் குழல் ஒன்றில் 36 கிராம் ரவையுள்ள தோட்டாவைப் போட்டு வெடித்தால், நான் போட்டுப் பார்த்த கணக்கின்படி, ஏறக்குறைய 55 ஜூல் சக்தி பின்னோக்கி வருகிறது. அதே துப்பாக்கியில் தோட்டாவை மட்டும் மாற்றி, ஒலிம்பிக் விதி அனுமதிக்கும் 24 கிராம் ரவையைப் போட்டால் அது 28 ஜூலாகிவிடுகிறது, அதாவது சரிபாதி. துப்பாக்கியும் 3.6 கிலோ எடையுள்ள டிராப் துப்பாக்கியாக இருந்துவிட்டால் 22 ஜூல்தான். பிருத்விராஜ் போன்றவர்களின் தோள் இரும்பால் செய்யப்பட்டதன்று என்பதையும், அவர்கள் ஏந்துவது கனத்த துப்பாக்கியும் இலேசான தோட்டாவும் என்பதையும் பிள்ளைகளுக்கு முதலில் எடுத்துச் சொல்லுங்கள்.

பர்மிங்காம் நகரத்துத் துப்பாக்கி விற்பன்னரான கிரீனர் துரை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு விதியைச் சொல்லி வைத்தார்: ரவையின் எடையைப் போலத் துப்பாக்கி 96 மடங்கு எடை இருக்க வேண்டும். அது அனுபவத்தில் பிறந்த விதி, இன்றைக்கும் பொய்க்கவில்லை. உங்கள் துப்பாக்கியைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 2.8 கிலோ என்றால் அது தாங்கக்கூடிய ரவை 29 கிராம். 32 கிராம் தோட்டா போட வேண்டுமென்றால் துப்பாக்கி 3 கிலோவுக்கு மேலே இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் எஸ்.ஜி. தோட்டாவைப் பிள்ளையிடம் கொடுத்த பெரியவர் இந்த ஒரு பெருக்கலைச் செய்திருந்தாரானால் அந்தப் பிள்ளையின் தோள் தப்பியிருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தோள் வலியோடு நிற்காமல் உயிருக்கே அபாயமாகக்கூடியது. பழைய சீமைத் துப்பாக்கிகளில் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளத்துக்குச் செய்யப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர். நீளமான தோட்டா குறுகிய அறைக்குள் நுழைந்துவிடும், கதவும் மூடிக்கொள்ளும். ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் முழுவதும் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. ‘இந்தத் துப்பாக்கி ரொம்ப உதைக்கும்’ என்று பரம்பரையாகப் பெயர் வாங்கிய சில துப்பாக்கிகளின் ரகசியம் இதுவாகவே இருக்கலாம். குழலின் மேல் பாம்புச் சட்டை போல வரி வரியாகத் தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கக்கூடும். அந்தக் குழல்களில் பெரும்பாலானவை கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை, இக்காலத்துப் புகையற்ற மருந்தின் அழுத்தத்துக்கு அல்ல. ஆகவே உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அறையையும் குழலையும் அளந்து பார்க்காமல், பாட்டனார் துப்பாக்கியில் கட்கித் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாவானாலும் சரி, சீமைத் தோட்டாவானாலும் சரி, ஒன்றைக்கூடப் போட வேண்டாம். ஆகாது என்று கடைக்காரர் சொன்னால், அதைச் சுவரில் மாட்டி வைப்பதில் அகௌரவம் ஒன்றுமில்லை.

உந்தத்தைக் குறைத்த பின்பும் எஞ்சியிருக்கும் உதைப்பைச் சரீரம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது அடுத்த விஷயம். கல் மூட்டையானாலும் சும்மாடு இருந்தால் தலை தாங்குகிறது. மூட்டையின் எடை குறைவதில்லை, அது விழும் இடம் அகலமாகிறது, அவ்வளவே. கட்டையின் அடியில் ஒட்டும் ரப்பர் அட்டை செய்யும் காரியமும் அதுவே. கூடவே, உதைப்பு தோளில் இறங்கும் காலத்தையும் அது சற்று நீட்டிக்கொடுக்கிறது. ஆனால் நம் வெயிலில் இருபது முப்பது வருஷம் கிடந்த ரப்பர் கல்லைப் போல இறுகியிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கவில்லையென்றால் அது இருந்தும் இல்லாததே. புது அட்டை ஒன்றைப் பொருத்துவது பெரிய செலவும் அன்று.

கட்டையின் அளவைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் முற்றிலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தோட்டாவும் எடையும் ஒன்றாகவே இருக்கும் இரண்டு துப்பாக்கிகளில், அளவு பொருந்திய ஒன்று தோளைத் தள்ளும். பொருந்தாத மற்றொன்று அடிக்கும். ஒரு பிள்ளை பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி, எங்கே கன்றியிருக்கிறது என்று பாருங்கள். குற்றம் எங்கே இருக்கிறது என்பதை உடம்பே சொல்லிவிடும். புஜத்தின் மேல், கை தொடங்கும் இடத்தில் கன்றியிருந்தால் கட்டை தோட்குழிக்குள் உட்காராமல் வெளியே நழுவியிருக்கிறது. கட்டை நீளமாயிருக்கலாம், அல்லது பிள்ளை முழங்கையைத் தொங்கவிட்டிருக்கலாம். காறை எலும்பின் மேல் கன்றியிருந்தால் மிக மேலே வைத்திருக்கிறான். கன்ன எலும்பு வீங்கியிருந்தால் ஒன்று கன்னத்தைக் கட்டையில் அழுத்தமாக வைக்காமல் தூக்கியிருக்கிறான், அல்லது கட்டையின் முதுகு அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை. நடுவிரலின் கணுவில் காயம் இருந்தால் விசையைக் காக்கும் வளையம் பின்னால் வந்து இடித்திருக்கிறது. பிடி தளர்வு, அல்லது கட்டை குட்டை. கட்டைவிரல் மூக்கில் இடித்ததென்றால் கட்டை குட்டையேதான். ஐந்து இடங்களையும் பார்த்துவிட்டீர்களானால் எந்தப் பயிற்சியாளரிடமும் போய்த் தெளிவாகப் பேசலாம்.

விசையிலிருந்து கட்டையின் அடிப்பக்கத்து நடுவரை அளந்தால் நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு. அது உத்தேசமானது மட்டுமே. குழலைத் திறந்து, இரண்டு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, பிள்ளையைக் கன்னம் பதித்து நிற்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடம் இருந்தால் நீளம் சரி. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு நம் பழைய துப்பாக்கிகள் ஆகா. வலக்கைக்காரருக்காகச் சற்று வெளிப்பக்கம் வளைத்த கட்டை, இடத் தோளில் வைக்கும்போது கன்னத்தின் மேலேயே வந்து அடிக்கும். பெண் பிள்ளைகளுக்கும் இதே அளவுப் பிரச்சினைதான் பெரிய தடை. அவர்களால் உதைப்பைத் தாங்க முடியாது என்று சொல்லித் தடுக்கிறோம், ஆனால் கொடுப்பதோ அண்ணனுக்கோ அப்பாவுக்கோ செய்த கட்டையை. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சகுன் சௌத்ரி இந்தியாவுக்காக டிராப் சுட்டார். அவருக்குப் பின் ராஜேஸ்வரி குமாரியும் ஸ்ரேயசி சிங்கும் பாரிஸ் சென்றார்கள். அளவான கட்டையும் 24 கிராம் தோட்டாவும் கொடுத்தால் நம் ஊர்ப் பெண்ணுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

நிற்கும் முறை எளியது. இடக்கால் முன்னே, உடம்பின் எடை அதன் மேல், இடுப்பிலிருந்து சற்று முன்சாய்வு. பின்னால் சாய்ந்து நிற்பவனை உதைப்பு தள்ளும். முன்சாய்ந்து நிற்பவனின் உடம்பு முழுவதும் அதை வாங்கிக்கொண்டு சிறிது ஆடிவிட்டு நிற்கும். கட்டையை முதலில் கன்னத்துக்கும் பிறகு தோளுக்கும் கொண்டுபோக வேண்டும். தோளைக் கட்டையிடம் கொண்டுபோகக் கூடாது. கட்டைக்கும் தோளுக்கும் நடுவே சிறிதளவு இடைவெளி இருந்தாலும் துப்பாக்கி அந்த இடைவெளியில் வேகம் எடுத்துவிட்டு வந்து மோதும். வெறும் துப்பாக்கியோடு கண்ணாடி முன் நின்று இதைத் தினமும் கொஞ்ச நேரம் பழகுவது, ஒரு பெட்டித் தோட்டாவை வெடிப்பதைக் காட்டிலும் பயன் தரும்.

காதை மறந்துவிடுகிறோம். பன்னிரண்டு போர் வெடியின் ஓசை 150 டெசிபலையும் தாண்டும். 140க்கு மேற்பட்ட ஒரே வெடி செவியைக் கெடுக்கப் போதுமானது. பிள்ளைக்கு அச்சத்தை ஊட்டுவதில் பாதி இந்த ஓசைதான் என்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். காதுக்கு மூடி போட்டவுடன் ‘இப்போ உதைக்கலையே’ என்கிறார்கள், தோட்டாவும் துப்பாக்கியும் மாறாமலிருக்கும்போதே. உதைப்பைக் கண்டு முன்கூட்டியே துள்ளும் வழக்கம் ஏற்கெனவே படிந்துவிட்டவர்களுக்கு ஓர் உபாயம் உண்டு: மருந்தில்லாத போலித் தோட்டாவை, அவருக்குத் தெரியாமல், நிஜத் தோட்டாக்களின் நடுவே பயிற்சியாளர் போட்டு வைப்பார். வெடிக்காத அந்த வேளையில் குழல் எப்படித் துள்ளுகிறது என்று அவரே பார்த்துவிட்டால், பாதி நோய் அங்கேயே தெளிந்துவிடும்.

கட்டைக்குள் பாதரசக் குழாய் வைப்பது, குழலின் நுனியில் துளை போடுவது போன்ற உபகரணங்களைப் பற்றி விளம்பரங்கள் வருகின்றன. எடை கூடினால் நன்மை உண்டு; மற்றவற்றில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மேலும் கீழுமாக இரட்டைக் குழல் அமைந்த துப்பாக்கியில் கீழ்க்குழல் தோளின் நேர்க்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அதை முதலில் வெடிப்பவர்களுக்கு உதைப்பு நேராக வரும், குழல் முனை குறைவாக எழும் என்பது மட்டும் உண்மை. வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கித் துப்பாக்கியும் உதைப்பை இழுத்து நீட்டி மென்மையாக்கும்.

இந்த இடத்தில் நம் வட்டாரத்து நரிக்குறவ மக்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பக்ஷி வேட்டையை விளையாட்டாக அல்லாமல் ஜீவனமாகச் செய்தவர்கள் அவர்கள். குழலின் வாய் வழியே மருந்து போட்டு, நார் வைத்துக் கெட்டித்து, ரவை போட்டு மறுபடியும் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் உதைப்பின் அளவு முழுவதும் கெட்டிப்பவன் கையிலேயே இருக்கிறது; மருந்தும் ரவையும் காசானபடியால் அவர்கள் கை அளவை மீறுவதில்லை. சட்டம் வந்த பின் அந்தத் தொழில் போயிற்று, ஊசி பாசி விற்பனையே மிஞ்சியது, பழங்குடிப் பட்டியலில் இடம் பெறுவதற்கு 2023 வரை காத்திருந்தார்கள். பறக்கும் இலக்கைச் சுடும் கண்ணும் கையும் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பங்கள் அவை. பிள்ளைகளுக்குச் சுடுதளத்தில் இடம் தேடும் நீங்கள், அந்தக் குடியிருப்புகளின் பிள்ளைகளையும் உங்களோடு அழைத்துச் செல்வீர்களானால் தமிழ்நாட்டுக்கு நல்ல வீரர்கள் கிடைப்பார்கள் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு வயது நிரம்பாதவர் சொந்தமாகத் துப்பாக்கி உரிமம் பெற ஆயுதச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இளம் விளையாட்டு வீரருக்கு உள்ள சலுகையும் அங்கீகாரம் பெற்ற கழகத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டதே. பயிர்க் காவலுக்கு என்று பெற்ற உரிமத்தை வைத்துக்கொண்டு முந்திரித் தோப்பில் பிள்ளைக்குப் பாடம் நடத்துவது உங்கள் உரிமத்துக்கே ஆபத்து. பக்கத்துத் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து. முதல் வெடி சுடுதளத்தில், பயிற்சியாளர் அருகில், காதுமூடியோடும் கண்ணாடியோடும், அந்தக் கழகத்தின் துப்பாக்கியில் நடக்கட்டும். முதல் நாள் பத்துத் தோட்டாவுக்கு மேல் வேண்டாம். பிள்ளை இன்னும் கேட்டாலும் வேண்டாம்.

துப்பாக்கியை நிறுத்துப் பார்த்து எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அறையை அளக்கும்போது அந்த அளவையும் கூடவே எழுதுங்கள். தோட்டா வாங்கும்போது எண்ணை மட்டும் கேட்காமல், ரவை எத்தனை கிராம் என்று கேளுங்கள். பிள்ளைக்கென்று கேட்கும் தோட்டாவில் அது 28க்கு மேற்பட்டதாயிருந்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்களைப் போன்ற உரிமதாரன் ஒருவன்,
அண்ணாகிராமம்.